ஆப்சூ கேம் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க, நடுவுல எங்கப்பா

கடலூர் ஓ.டி.ல, அதாவது பழைய டவுன்ல, நான் மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், மாடில ரெண்டு டிவி ரெண்டு பிஎஸ்4 (ப்ளேஸ்டேஷன்ற கேம் மெஷின்) போட்டு மணிக்கு 40 ரூவான்னு பசங்களுக்கு விடுறது. சாயங்காலம் ஸ்கூல் விட்டா உக்கார எடம் இருக்காது, எல்லாம் புட்பால் இல்லன்னா துப்பாக்கி. மத்தியானம் ஈ ஓட்டுற நேரத்துல நான் ஆப்சூ போட்டுட்டு உக்காந்திருப்பேன். படி ஏறி வர்றவன் எவனா இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்னு பாப்பான், பாத்துட்டு கேப்பான். திரும்ப திரும்ப அதே கேள்விங்கதான் வருது, பதில் சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். எழுத்துப்பிழை இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

ண்ணா, இது ஸ்கிரீன்சேவரா, கேமா?

கேம்தான்டா. நடுக்கடல்ல ஒரு ஆளு மெதந்துட்டு இருப்பான், பட்டன அமுக்குனா உள்ள முங்குவான், அவ்ளோதான் ஆரம்பம். யாரு இவன், எதுக்கு வந்தான், எங்க போகணும், ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. நீயா நீந்தணும், நீயா சுத்திப் பாக்கணும், அடைச்சிருக்குற வழிய நீயா திறந்துக்கிட்டு அடுத்த எடத்துக்குப் போகணும். பவளப்பாறை வரும், ஆளு ஒசரத்துக்கு மேல மேல போற பாசிக் காடு வரும், முழுகிப்போன கோயில் மாதிரி பெரிய பெரிய கட்டடம் வரும், அப்புறம் வெளிச்சமே இல்லாத ஆழம். கட்டடம் வர்ற எடத்த பாத்துட்டு பூம்புகார் கதைய எடுக்காத ஆளே இங்க கெடையாது, நம்ம ஊர்ல கடலுக்குள்ள ரெண்டு தூண் தெரிஞ்சாலே பேச்சு அங்கதான் போவும்.

துப்பாக்கி எங்க?

இல்ல. ஈட்டி? அதுவும் இல்ல. வலை இருக்கான்னு எங்கப்பா கேட்டாரு, அதுவும் கெடையாது.

ஆக்சிஜன் தீந்தா செத்துடுவோமா? சுறா கடிச்சா?

சாவே இல்ல இந்த கேம்ல. மூச்சுக்கு மீட்டர் கெடையாது, உயிருக்கு கோடு கெடையாது, டைம் ஓடாது, ஸ்கோர் ஏறாது. ஒரு எடத்துல முக்கோணமா சில பொறிங்க இருக்கும், கிட்ட போனா வெடிச்சு ஷாக் அடிக்கும், ஆளு துள்ளிப் போவான், ஆனா சாக மாட்டான். சுறா கிட்ட வரும், பாத்தா பக்குன்னு இருக்கும், நான் மொத தடவ கண்ட்ரோலர கீழ போட்டுட்டேன், நெஜமாதான் சொல்றேன். ஒண்ணும் பண்ணாது.

இத சொன்னா பசங்க பாதி பேரு "அப்ப என்னண்ணா த்ரில்லு"ன்னு எறங்கிப் போயிடுவானுங்க. போகட்டும். இது தோக்குறதுக்கும் ஜெயிக்கிறதுக்கும் செஞ்ச கேம் இல்ல. சில்வர் பீச்சுல போய் உக்காருறோமே, அங்க என்ன ஜெயிக்கிறோம்.

அடைச்ச வழிய திறக்கணும்னீங்களே, அப்ப பசில், புதிரு எல்லாம் இருக்கா?

இருக்கு, ஆனா மண்டைய பிச்சுக்கிற அளவுக்கு இல்ல. மொத மொதல்ல பாக்குற பசில் இதுதான்: போற வழிய பவளம் மாதிரி ஒண்ணு அடைச்சிருக்கும், இடிச்சாலும் போகாது. கீழ மணல்ல பாதி புதைஞ்சு சின்னதா ஒரு ரோபோ கெடக்கும். கிட்டப் போயி ஒரு சத்தம் குடுக்கணும், அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு, கூப்பிடுற மாதிரி ஒரு டொய்ங். அது முழிச்சுக்கிட்டு நம்ம பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி வரும். அடைப்பு கிட்ட கூட்டிட்டுப் போயி மறுபடி டொய்ங் குடுத்தா அதுவே அடைப்ப உடைச்சு வழி விட்டுடும். அப்புறம் பெரிய கதவுங்க வரும், அதுக்கு செயின் மாதிரி பொறி எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும், அதத் தேடிப் புடிச்சு சுத்தணும். கதவு ஒரு பக்கம் பொறி ஒரு பக்கம், நடுவுல கொகை, கொகைக்குள்ள இருட்டு.

மாட்டிக்கிட்டா ஒண்ணே ஒண்ணு பண்ணு, மேல போ. நாம நடந்து பழகுனவங்க, அதனால தரையையே பாத்துட்டு தேடுவோம், ஆனா இங்க வழி தலைக்கு மேலயும் இருக்கும், காலுக்கு அடிலயும் இருக்கும். என் கடைல மாட்டிக்கிட்டு முழிக்கிறவன் பத்து பேர்ல ஒம்பது பேரு நிமிந்தே பாக்காதவன்தான். அப்படியும் கெடைக்கலன்னா செவுத்துல வரைஞ்சிருக்குற படங்கள பாரு, அதுல கொஞ்சம் விஷயம் இருக்கும். இதுக்குப் போயி யூடியூப்ல வழி பாக்கறவன நான் திட்டுவேன், இருக்குறதே கொஞ்சூண்டு பசில், அதையும் அடுத்தவன் போட்டு குடுக்கணுமா.

சுறா சிலை மேல உக்காந்துட்டு என்ன பண்றான் அவன்?

தியானம் பண்றான். ஒவ்வொரு எடத்துலயும் சுறா மாதிரி செதுக்குன சிலை ஒண்ணு எங்கயாச்சும் இருக்கும், அது மேல போயி உக்காந்தா கேமரா நம்மள விட்டுட்டு ஒரு மீன் பின்னாடி போயிடும். கையால ஒண்ணும் பண்ண வேணாம். அந்த மீன் எங்க போகுதோ நாமளும் போறோம், போதும்னா அடுத்த மீனுக்கு மாத்திக்கலாம், மீன் பேரும் கீழ வரும். ஒரு தடவ கொஞ்ச நேரம் ஒரே மீன பாத்துட்டு இருந்தேன், திடீர்னு பின்னாடில இருந்து பெருசு ஒண்ணு வந்து அத லபக்குன்னு முழுங்கிடுச்சு. தியானம் முடிஞ்சுது.

மொத தடவ ஆடுறவங்க பெரும்பாலும் இந்த சிலைய தாண்டிப் போயிடுவாங்க, அதுல ஒண்ணும் கெடைக்காது, பாயிண்டு வராது, கதவு திறக்காது. என்னக் கேட்டா கேம்ல அதுதான் உசத்தி. ஆனா அத நான் கண்டுபுடிக்கல, எங்கப்பாதான்.

அந்த மீனெல்லாம் நெஜ மீனா, சும்மா வரைஞ்சதா?

இதுக்கு கொஞ்சம் நீட்டிதான் சொல்லணும்.

2021 மார்ச் கடைசில சோனிக்காரங்க ப்ளேஸ்டேஷன் வச்சிருக்கவங்களுக்கு சில கேம ஃப்ரீயா குடுத்தாங்க, கொரோனா டைம், வீட்டுல இருங்கன்னு. அதுல இதுவும் ஒண்ணு. எடுத்துப் போட்டேன், என்னன்னு கூட பாக்கல. ஏப்ரல் 15ல தடைக்காலம் ஆரம்பம், ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, எங்கப்பா விசைப்படகுலதான் தொழிலுக்குப் போறாரு, அதுக்கு முன்னாடி கட்டுமரம். அந்த வருஷம் மே மாசம் லாக்டவுனும் சேந்துக்கிச்சு. என் கடை சாத்தியாச்சு, ஒரு பிஎஸ்4 வீட்டுக்கு கொண்டாந்துட்டேன். மனுசன் வலை பின்னி முடிச்சுட்டாரு, வீட்டுக்கு சுண்ணாம்பும் அடிச்சுட்டாரு, அதுக்கு மேல செய்யறதுக்கு ஒண்ணும் இல்லாம திண்ணைக்கும் கூடத்துக்கும் நடந்துட்டே இருந்தாரு. நான் இத ஆடிட்டு இருந்தேன்.

பின்னாடி நின்னு பாத்தாரு. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் "அது கலவா"ன்னாரு. கீழ இங்கிலீஷ்ல குரூப்பர்னு போட்டிருக்கு, இவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அடுத்தது ஒரு நீட்டு மீன், "சீலா". "அது பாறை, பெரும் பாறை." பாறை இடுக்குல இருந்து தலைய நீட்டுனத பாத்து "அஞ்சாலைடா, கைய விட்டுறாத"ன்னு பதறிட்டாரு. சூரை கூட்டமா வந்தப்ப எந்திரிச்சு டிவி கிட்டயே போயிட்டாரு. ஆமை வந்தப்ப மட்டும் கொஞ்சம் யோசிச்சு, "நம்மூர்ல முட்ட போடுறது பங்குனி ஆமை, இது பேராமை"ன்னாரு, நான் தேடிப் பாத்தேன், பேராமைதான்.

ஸோ பதில்: நெஜ மீனுங்கதான், நூத்துக்கணக்குல வகை இருக்கு, ஒடம்பு கொஞ்சம் எளிமையா பொம்மை மாதிரி செஞ்சிருக்காங்க ஆனா நீந்துறது அச்சு அசல். திருக்கை ரெக்கைய அடிச்சுக்கிட்டுப் போறது, சூரை வால மட்டும் ஆட்டிக்கிட்டு அம்பு மாதிரி போறது, ஆமை துடுப்பு போடுறது, ஒண்ணோட நடை இன்னொண்ணுக்கு வராது. கடைசிப் பக்கம் போகப் போக கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி அழிஞ்சுபோன கடல் பிராணிங்களும் வரும். அத பாத்து ஆச்சரியப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், அரியலூர் பக்கம் ஒரு காலத்துல கடலா இருந்த எடம்தான், சுண்ணாம்புக்கல்லு தோண்டுற எடத்துல அந்தக் கால கடல் சிப்பிங்க கல்லாவே கெடைக்கும். நம்ம கிட்டயே இருக்குது.

தப்பும் இருக்கு. ஒரு கடல்ல இருக்குற மீனும் வேற கடல்ல இருக்குற மீனும் ஒண்ணா சுத்தும். அந்தப் பாசிக் காட்ட பாத்துட்டு அப்பா "இது எந்தக் கடல்டா, நான் பாத்ததே இல்ல"ன்னாரு, கரெக்டுதான், அது குளிந்த தண்ணில வளர்ற பாசி, நம்ம பக்கம் வராது. வெள்ளைச் சுறாவும் அவரு பாத்ததில்ல. நம்மளுக்கு சுறான்னா புட்டு வைக்கிற பால் சுறா, மிஞ்சிப் போனா கொம்பன்.

தண்ணி மட்டும் நம்பவே முடியாதுன்னுட்டாரு. "இவ்ளோ தெளிவா எங்கடா இருக்கு." கெடிலமும் உப்பனாறும் வந்து கொட்டுற எடத்துல தொழில் பண்ணவரு, வேற என்ன சொல்லுவாரு.

அன்னிக்கு ராத்திரி நான் சிலை மேல உக்காந்தேன், தியானம், கேமரா ஒரு பாறை மீன் பின்னாடி போச்சு. அப்பா சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, "நாப்பது வருஷமா இத வலைலதான்டா பாத்திருக்கேன். வரும்போதே சாவற மாதிரிதான் வரும். அது வீட்டுல இருக்கும்போது எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல." அன்னிலேர்ந்து தெனம் சாப்பாட்டு நேரத்துல டிவில மீன்தான். நியூஸ் போடுன்னு அம்மா கத்தும்.

இங்கிலீஷ் தெரியணுமா?

வேணாம். பேச்சே கெடையாது கேம்ல, ஒரு வசனம் இல்ல. எந்த பட்டன்னு படம் காட்டும், அவ்ளோதான். கதை முழுக்க செவுத்துப் படத்துலயும் பாக்குற காட்சிலயும்தான். மெனு, மீன் பேரு மட்டும் இங்கிலீஷ். எங்கப்பா அதுல எதையும் படிக்காமதான் ஆடுறாரு.

எவ்ளோ நேரம் ஓடும்?

நேரா போனா ரெண்டு மணி நேரம், சுத்திப் பாத்துட்டு போனா மூணு. இத சொன்னதும் மொகம் சுளிப்பீங்க, தெரியும், ரெண்டு மணி நேரத்துக்கா அவ்ளோ காசுன்னு. சினிமாவுக்குப் போறீங்க அதுவும் ரெண்டரை மணி நேரம்தான், அத ரெண்டாவது தடவ பாக்கணும்னா மறுபடி டிக்கெட். இது வீட்டுலயே கெடக்கும். அப்படியும் முழு வெல குடுத்து வாங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சேல் வர்ற வரைக்கும் பொறுங்க, நல்லா எறங்கும்.

எதுல ஆடலாம்? போன்ல வருமா?

போன்ல வராது. 2016 ஆகஸ்ட்டுல பிஎஸ்4லயும் கம்ப்யூட்டர்லயும் வந்துச்சு, அந்த வருஷ டிசம்பர்ல எக்ஸ்பாக்ஸ் ஒன், 2018ல நின்டெண்டோ ஸ்விட்ச். பிஎஸ்5லயும் பிஎஸ்4 டிஸ்க் போட்டா ஓடும். கம்ப்யூட்டர்னா கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு இருக்கணும், ஆபீஸ் லேப்டாப்புல போட்டுட்டு ஸ்லோவா இருக்குன்னு என்கிட்ட வராதீங்க. ஆயிரக்கணக்கான மீன் ஒரே நேரத்துல சுத்துது, அதுங்க ஒவ்வொண்ணும் தனித்தனியா வளையுது, எதிர்ல நீ போனா வழி விட்டு ஒதுங்குது. அதுக்கே அவங்க ஒரு தந்திரம் பண்ணிருக்காங்க, மீனுக்கு உள்ள எலும்பு மாதிரி வச்சு அசைக்கிற வழக்கமான முறைய விட்டுட்டு மேல்தோல மட்டும் கணக்கு போட்டு வளைக்கிறாங்க. அதனாலதான் பிஎஸ்4 தாங்குது.

கம்ப்யூட்டர்ல ஆடுனாலும் கண்ட்ரோலர் வாங்கிக்கோங்க, கீபோர்டுல நீந்துறது கைய கட்டிட்டு நீந்துற மாதிரி. செகண்ட் ஹேண்டு வாங்குனா கண்ட்ரோலர் மேல ஆள நகர்த்துற குச்சிய விட்டுட்டு பாருங்க, தானா நகருதான்னு. நான் பாண்டில ஒரு கடைல ரெண்டு வாங்குனேன், ஒண்ணு வீட்டுக்கு வர்றதுக்குள்ள இடது பக்கமே இழுத்துச்சு, திருப்பிக் குடுக்கப் போனா "அது நீங்க ஆடுனதுல ஆனது"ன்றான். இந்த கேம்ல அது ஒண்ணும் பெருசா தெரியாது, நீவாடு, அதான் கடல் நீரோட்டம், இழுக்குதுன்னு நெனச்சுக்கலாம்.

மேல அமுக்குனா கீழ போகுது, கேம் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகல. செட்டிங்ஸ்ல போயி இன்வெர்ட்ட மாத்து, அதுதான் மேல கீழ திருப்பிப் போடுறது. தெனம் ஒருத்தன் கேக்குறான்.

தலை சுத்துது?

சிலருக்கு சுத்தும். வேகமா திரும்பித் திரும்பி நீந்துனா வரும், அதுவும் குட்டிக்கரணம் அடிக்கிற பட்டன கண்டுபுடிச்ச பசங்களுக்கு கண்டிப்பா வரும். லைட்ட போட்டுக்கோ, டிவிய விட்டு தள்ளி உக்காரு. நீரோட்டத்துல அடிச்சுட்டுப் போற எடங்க வரும், அங்க நாம ஒண்ணும் பண்ண வேணாம், அதுவே கூட்டிட்டுப் போகும், அந்த நேரத்துல தலைய அசைக்காம பாத்தா சரியா இருக்கும். எங்கம்மாவுக்கு அதுக்கும் சுத்துச்சு, அது பஸ்ல பாண்டி போறதுக்கே எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போற ஆளு, அத கணக்குல எடுக்க வேணாம்.

கடல்னாலே பயம், ஆடலாமா?

இத ஒருத்தரு தனியா கூப்பிட்டுக் கேட்டாரு, தேவனாம்பட்டினத்துக்காரரு. எதுக்குக் கேக்குறாருன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் எனக்குத் தெரியும்னு தெரியும். 2004 டிசம்பர் 26 அன்னிக்கு அங்க என்ன ஆச்சுன்னு கடலூர்ல யாருக்கும் சொல்லத் தேவல.

அலை அடிச்சு வர்ற மாதிரி, ஊருக்குள்ள தண்ணி வர்ற மாதிரி ஒரு காட்சியும் இதுல கெடையாது. முழுக்க தண்ணிக்கு உள்ளதான், உள்ள அமைதியா இருக்கும். ஆனா நடுவுக்கு மேல ஆழமான இருட்டுப் பகுதி ஒண்ணு வரும், சத்தமும் மாறும், அங்கதான் அந்த முக்கோணப் பொறிங்களும் இருக்கும். எங்க ஆயா சுனாமிக்கு அப்புறம் கடக்கரைக்கே போனதில்ல, அது கூடத்துல உக்காந்து ஆமை வர்ற வரைக்கும் பாத்துச்சு, நல்லாருக்குன்னு சொல்லுச்சு, இருட்டு வந்ததும் "நிறுத்துடா"ன்னுச்சு. நிறுத்திட்டேன். மறுநாள் மொத பகுதிய மட்டும் திரும்பப் போட்டேன், உக்காந்து பாத்துச்சு. அப்படியும் ஆடலாம், முடிச்சே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. பிடிக்கலன்னா அணைச்சுடலாம்.

சின்னப் பசங்களுக்கு குடுக்கலாமா?

தாராளமா. ரத்தம் இல்ல, கெட்ட வார்த்த இல்ல. ஒரு சோகமான எடம் இருக்கு, கீழ சொல்றேன். எங்கக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசுல குடுத்தேன், அது பசில் எதையும் தொடல, ஒரு திருக்கைய புடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் சுத்திட்டே இருந்துச்சு. ஆமா, பெரிய மீனுங்கள புடிச்சுக்கிட்டு சவாரி போகலாம், சொல்ல மறந்துட்டேன் பாருங்க, அதுதான் பசங்களுக்கு ரொம்ப பிடிக்கும். திமிங்கலம் மேல கூட போகலாம். ஓங்கில் (டால்பின்) கூட்டத்தோட தண்ணிக்கு மேல துள்ளலாம்.

கதை என்ன?

கதையே தெரிய வேணாம்னா இந்த பதில தாண்டிப் போயிடுங்க.

ஒரு காலத்துல கடலோட ஒத்துமையா வாழ்ந்த ஜனங்க, அவங்க கட்டுன கோயிலுங்க. அப்புறம் யாரோ கடலோட உயிர உறிஞ்சி மெஷினுக்கு போட ஆரம்பிச்சுட்டாங்க, அந்த முக்கோணம் எல்லாம் அதோட மிச்சம். நம்ம ஆளு ஒவ்வொரு எடமா போயி உயிர திருப்பிக் குடுக்குறான், சாம்பல் கலர்ல கெடந்த எடம் ஒரு நொடில பச்சையும் நீலமுமா மாறி மீனுங்க திரும்ப வரும், எத்தன தடவ பாத்தாலும் அந்த எடத்துல எனக்கு சிலிர்க்கும். வெள்ளைச் சுறா ஒண்ணு கூடவே வந்து போயிட்டு இருக்கும், மொதல்ல எதிரின்னு நெனப்போம். அது ஒரு எடத்துல அடிபட்டு சாகும். நம்ம ஆளு அது பக்கத்துல போயி கைய வப்பான். அந்த நேரம் எங்கப்பா வெளில எந்திரிச்சுப் போயிட்டாரு. வலைல எத்தனையோ சுறா வாரிப் போட்டவரு. "பீடி"ன்னு சொன்னாரு, ஆனா அவரு பீடிய விட்டு மூணு வருஷம் ஆச்சு.

நம்ம ஆளு மனுசனே இல்லன்றது தனி கதை, அத நீங்களே பாருங்க.

ஆப்சூன்னா என்ன அர்த்தம்?

பழைய சுமேரியா நாட்டு புராணத்துல பூமிக்கு அடில ஒரு பெரிய நல்ல தண்ணிக் கடல் இருக்குன்னு நம்புனாங்க, கெணறு ஊத்து ஆறு எல்லாத்துக்கும் அங்கேருந்துதான் தண்ணி வருதுன்னு. அதுக்கு அவங்க வச்ச பேரு. கேக்க கதை மாதிரி இருக்கும், ஆனா நெய்வேலில சொரங்கத்துல வேல செஞ்சவங்கள கேட்டுப் பாருங்க. பழுப்பு நிலக்கரிக்கு அடில தண்ணி அழுத்தத்தோட நிக்குது, ராத்திரி பகலா பம்ப் போட்டு எறைச்சுட்டே இருந்தாதான் வெட்ட முடியும். சுமேரியாக்காரன் வந்து பாத்தா "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு சொல்லுவான்.

யாரு செஞ்சது? மியூசிக் யாரு?

ஜெயன்ட் ஸ்க்விட்னு அமெரிக்காவுல ஒரு சின்ன கம்பெனி, அவங்களோட மொத கேம் இதுதான். பேருக்கு அர்த்தம் ராட்சசக் கணவாய். அத ஆரம்பிச்ச மேட் நாவா, 2012ல வந்த ஜர்னின்ற பாலைவன கேமுக்கு ஆர்ட் டைரக்டரா இருந்தவரு, அதனாலதான் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அது மணலு இது தண்ணி. அவருக்கு ஸ்கூபா டைவிங் பைத்தியம், அது தெரியுது. மியூசிக் ஆஸ்டின் வின்டரி, அவரும் ஜர்னிலேர்ந்து வந்தவருதான், ஜர்னி மியூசிக்குக்கு கிராமி விருதுல, சினிமா டிவி மாதிரி காட்சிக்கு செய்யற மியூசிக் பிரிவுல, நாமினேஷன் கெடைச்சுது, வீடியோ கேமுக்குன்னு செஞ்ச மியூசிக் அந்தப் பிரிவுல நாமினேட் ஆனது அதுதான் மொத தடவ. இதுல கோரஸ் பாட்டும் யாழ் மாதிரி கம்பி வாத்தியமும் நெறைய. ஹெட்போன் போட்டு கேளுங்க, டிவி ஸ்பீக்கர்ல பாதிதான் வரும்.

பசில் நெறைய வேணும்னா இது உங்களுக்கு இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். இதே கம்பெனி 2020ல தி பாத்லெஸ்னு ஒண்ணு செஞ்சாங்க, வில்லு அம்பு, ஓட்டம், அதுல பசில் கூட. ஆனா அது மனச லேசாக்குற வகை இல்ல.

நடுவுல கரண்ட் போனா?

தானா சேவ் ஆகும். அந்தப் பகுதில கொஞ்சம் பின்னாடிலேர்ந்து ஆரம்பிக்கும், அவ்ளோதான் நஷ்டம். கேம பத்தி கவலப்படாதீங்க, மெஷின பத்தி கவலப்படுங்க, ஒரு யூபிஎஸ் போடுங்க. 2011 டிசம்பர் தானே புயலுக்கு அப்புறம் எங்க தெருவுக்கு கரண்ட் வர எத்தன நாள் ஆச்சுன்னு நெனச்சா இன்னும் எரிச்சலா வருது, அப்ப பிஎஸ்4 இல்லாததும் நல்லதுதான்.

முடிச்சாச்சு, இனிமே என்ன?

மெனுல எந்தப் பகுதிய வேணா தனியா எடுத்து ஆடலாம். ஒளிஞ்சிருக்குற சிப்பிங்க இருக்கு, எல்லா சிலையும் உக்காந்தாச்சான்னு பாக்கலாம். அப்புறம் தரைல சின்னச் சின்ன ஊத்து மாதிரி மின்னும், அதுல டொய்ங் குடுத்தா அந்த எடத்துல இல்லாத புது வகை மீனு வெளில வரும், அதெல்லாம் பாதி பேரு கவனிக்காமயே முடிச்சுடுவாங்க. எல்லாத்தையும் எடுத்தே தீருவேன்னு லிஸ்ட் போட்டு ஆடாதீங்க, அப்படி ஆடுனா இதுவும் ஆபீஸ் வேல ஆயிடும். நான் ஆடுனேன், ட்ராபி எல்லாம் வந்துச்சு, ஒரு மாசம் கேம் பக்கமே போகல.

நெஜத்துல இந்த மாதிரி பாக்க முடியுமா இங்க?

பாண்டில ஸ்கூபா கத்துக்குடுக்குறாங்க, போட்டுல கூட்டிட்டுப் போயி எறக்குறாங்க. நான் ஒரு தடவ போனேன். கேம் மாதிரி இருக்கும்னு நெனச்சுட்டுப் போகாதீங்க, நம்ம வங்காள விரிகுடா சில நாளு கண்ணாடி சில நாளு டீத்தண்ணி, மழை முடிஞ்ச கையோட போனா உங்க கையே தெரியாது. எனக்கு நடுத்தரமான நாளு. கீழ எறங்க எறங்க காது அடைச்சுது, மூக்க புடிச்சு ஊதுனேன், அப்புறம் மங்கலா ஒரு பார், கடலுக்கு அடில இருக்குற பாறைத் திட்டு, தெரிஞ்சுது, அது மேல பொடி மீனு கூட்டம், அது நடுவுல தனியா ஒரு கலவா. என்ன பாத்துச்சு. நான் பாத்தேன். கேம்ல டொய்ங் குடுக்குற பட்டன் எங்கன்னு ஒரு நொடி கை தேடுச்சு.

வீட்டுக்கு வந்து அப்பாட்ட சொன்னேன், கலவா பாத்தேன்ப்பா, இவ்ளோ பெருசு. "எந்த எடத்துல? எத்தன பாகம்?"னு கேட்டாரு, தொழில்காரன் புத்தி. பாகம்னா ரெண்டு கையையும் விரிச்சா வர்ற அளவு, எங்க ஆளுங்க ஆழத்த அப்படித்தான் சொல்லுவாங்க. நான் பத்து பாகம் இருக்கும்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, எடத்த யாருட்டயும் சொல்லாத"ன்னாரு.

உங்கப்பா இன்னும் ஆடுறாரா?

தடைக்காலத்துல மட்டும். ஏப்ரல் 15 வந்தா ஒரு பிஎஸ்4 வீட்டுக்குப் போயிடும், அந்த ரெண்டு மாசம் கடைல ஒரு டிவிதான், பசங்க சண்டை போடாம முறை வச்சு ஆடுங்க. கதை பக்கமே போறதில்ல, மொத பகுதி, சிலை, உக்காந்துருவாரு. எங்கம்மா பக்கத்துல உக்காந்து மீனு ஆய்ஞ்சிட்டு இருக்கும். போன வாரம் டிவில கவலை மீன் மாதிரி பொடி மீனு கூட்டம் ஒண்ணு சுத்திச் சுத்தி பந்து மாதிரி வந்துச்சு, அம்மா அருவாமணைலேர்ந்து நிமிந்து பாத்துட்டு "கிலோ என்ன வெல போவும்"னுச்சு. அப்பா திரும்பி அத ஒரு மொறை மொறைச்சாரு பாருங்க.